ஏழு மணி விளக்கு

கொல்லிமலையில் வீட்டுக்கு ஃபேன் மாட்டுகிறவனை ஊர் என்ன சொல்லும்? சொல்லத்தான் சொன்னது. சித்திரை மாசத்திலேயே பொழுது சாய்ந்தால் போர்வை தேடுகிற இடம் இது. செம்மேட்டுக்கு அந்தப் பக்கம், புதிதாகக் கான்கிரீட் தார்சு போட்டுக் கட்டிய வீட்டின் ஹாலில் பூபதி மூன்று இறக்கை ஃபேன் ஒன்றைத் தொங்கவிட்டான். “இருக்கற காத்து பத்தலையாமா?” என்று பக்கத்துக் காட்டுக்காரி பெருமாயி சிரித்தாள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. பூபதி காதில் போட்டுக்கொள்ளவில்லை. போர் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லராக ஏழு வருஷம் வடக்கே சுற்றி, ஊரான் நிலத்தையெல்லாம் துளைத்துத் தண்ணீர் காட்டிக் கட்டிய வீடு அது. கீழ்நாட்டு வீடுகளில் தான் பார்த்ததெல்லாம் தன் வீட்டிலும் இருந்தாக வேண்டும் என்பது அவன் கட்சி.

அதோடு நின்றானா என்றால் இல்லை. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து அர்த்தனாரி என்கிற எலெக்ட்ரீஷியனை மலைக்குக் கூட்டிவந்து, சுவரில் இருந்த சுவிட்சுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கறுப்புக் கண்ணாடித் தகடு ஒன்றைப் பதித்தான். விரல் பட்டால் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும். போனிலிருந்தும் போடலாம். இந்த ஊரில் இருந்துதான் போட வேண்டும் என்றில்லை, சத்தீஸ்கரில் இருந்தும் போடலாம். அதற்கு வைஃபை வேண்டுமே? சிம் போட்ட பெட்டி ஒன்றை, டவர் கிடைக்கிற ஒரே இடமான கிழக்கு ஜன்னலில் வைத்தார்கள்.

“எதுக்குங்க இத்தனை கூத்து? எந்திரிச்சுப் போயி அமுக்குனா எரியாதா?” என்று கேட்டாள் அவன் பெண்டாட்டி சுமித்ரா.

“உனக்காகத்தான் கண்ணு,” என்றான் பூபதி. “தெனமும் பொழுதோட நான் அங்கிருந்து ஹால் லைட்டைப் போட்டு, அணைச்சு, மறுக்காப் போடுவேன். நான் நல்லா இருக்கறேன், உன்னை நெனச்சுக்கிட்டேன்னு அர்த்தம். உடனே நீ ஃபேனைப் போடு. எனக்குப் போன்ல காட்டும். நீயும் நல்லா இருக்கறேன்னு நான் தெரிஞ்சுக்குவேன்.”

“போன்ல பேசிக்கிட்டாப் போவுது.”

“பேசாம இருப்பனா? கம்ப்ரசர் ஓடறப்ப நீ பேசறது எங்க கேக்கும்? வேலை நடு ராத்திரி வரைக்கும் போவும். பேச முடியறப்பப் பேசிக்கலாம். இது தெனப்படிக்கு.”

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும். ரிக்குக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டால் வருஷத்தில் பத்து மாசம் தனியாக இருக்கத்தான் வேண்டும். சுமித்ராவுக்கு அது தெரிந்தே நடந்த கல்யாணம். ஆறு வருஷமாகிறது. குழந்தை இல்லை. மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிளகுக்கொடி இருக்கிறது, மரவள்ளிக் காடு இருக்கிறது. பகலெல்லாம் உடம்புக்கு வேலை உண்டு. பொழுது இறங்கி, மேகம் வாசல் வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும்போதுதான் வீடு பெரிதாகிவிடும். யாரிடமாவது ‘சோறு ஆச்சா’ என்று கேட்க வேண்டும் போல இருக்கும். கேட்க ஆள் இருக்காது. சில நாள் அவள் அடுப்பிடம் கேட்டாள். இதை நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

பொங்கல் கழிந்து ரிக் வண்டி கிளம்பியது. மூன்றாம் நாள் சாயங்காலம் சுமித்ரா அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஹாலில் விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் பயம் வர வேண்டும்; அவளுக்கு வெட்கம் வந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் ஃபேனைப் போட்டாள். தை மாசக் குளிரில் அது கிறுகிறுவென்று சுற்ற, அவள் அதற்கு நேர் கீழே நின்று நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஆறு மாசம் அந்த விளக்குக்கு நேரம் காலம் கிடையாது. ஒரு நாள் ஆறரைக்கு வரும், ஒரு நாள் எட்டுக்கு. நாலு நாள் வரவே வராது. வராத நாளில் சுமித்ரா சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு இருட்டைப் பார்த்திருப்பாள். ஆடிப் பதினெட்டுக்குப் பூபதி பத்து நாள் லீவில் வந்தபோது இதைச் சொல்லி ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். “வேலை மும்முரத்துல மறந்து போச்சு கண்ணு,” என்றான். “பொண்டாட்டி இருக்கறதையே மறக்கற மும்முரமா?” என்று கேட்டாள். திரும்பிப் போகிற அன்று காலையில் அந்தக் கண்ணாடித் தகட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு போனில் வெகுநேரம் எதையோ நோண்டிக்கொண்டிருந்தான். “இனி ஒரு நாளும் தவறாது, பாத்துக்க,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

சொன்னபடியே தவறவில்லை. தினமும் ஏழு மணி. கரண்ட் இல்லாத நாள் நீங்கலாக ஒரு நாள்கூடப் பிசகவில்லை. ஏழுக்கு எரியும், ஒரு நிமிஷம் கழித்து அணையும், இன்னொரு நிமிஷம் கழித்து எரியும். தன் கல்யாண முகூர்த்தத்துக்கே அரை மணி தாமதமாக வந்தவன் பூபதி. அவன் எப்படி இப்படி மணி தப்பாமல் விளக்குப் போடுகிறான் என்று அவள் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அழுததற்குப் பலன் கிடைத்தது, புருஷன் திருந்திவிட்டான் என்று நம்பினாள். ஆசைப்பட்டவள் கண்ணுக்கு வேறென்ன தெரியும்?

அவளும் தன் பங்குக்கு அந்தப் பேச்சை வளர்த்தாள். ஃபேனில் ஒன்றிலிருந்து ஐந்து வரை வேகம் உண்டு. சும்மா போன நாளுக்கு ஒன்று. மழையில் மிளகு நனைந்து மனசு கெட்டுப் போன நாளுக்கு இரண்டு. யாராவது வந்து பேசிவிட்டுப் போன நல்ல நாளுக்கு மூன்று. நாலு அவ்வளவாக உதவவில்லை. ஐந்து என்றால் ‘எப்ப வருவீங்க’ என்று அர்த்தம். இதையெல்லாம் அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைப்பாள். போனில் பேசும்போது கூச்சமாக இருக்கும். பார்க்கப் பார்க்க அவனே புரிந்துகொள்வான் என்று விட்டுவிட்டாள். கார்த்திகை பிறந்த பின் பெரும்பாலும் ஐந்துதான். இரண்டு போர்வையைச் சுற்றிக்கொண்டு, காதில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் அந்தக் காற்றின் கீழ் உட்கார்ந்திருப்பாள். பெருமாயி ஒரு நாள் தீப்பெட்டிக்கு வந்தவள் பார்த்துவிட்டாள்.

“ஏஞ்சாமி, உனக்கு ஒடம்புக்கு எதாச்சும் பண்ணுதா? இந்தக் குளுருல ஆராச்சும் ஃபேனுக்கடியில உக்காருவாங்களா?”

“அவருகூடப் பேசிட்டிருக்கறேங்க்கா.”

பெருமாயி போன் எங்கே என்று தேடினாள். பிறகு தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த ஏழு மணிக்காக சுமித்ரா எங்கேயும் தங்குவதில்லை. சந்தைக்கு பேளுக்குறிச்சி போனாலும் நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். அதுவரைக்கும் பெரிய சேதமில்லை. சேதம் அண்ணன் வீட்டில் நடந்தது. அண்ணன் தனபால் மலையிலேயே தேவனூர்ப் பக்கம் இருக்கிறான். அவன் ஒரே மகள் கோகிலவாணிக்குச் சடங்கு வைத்தார்கள். அத்தைக்காரி சுமித்ரா ஒருத்திதான். தட்டெடுத்துச் சுற்ற வேண்டியவள் அவள்தான். நல்ல நேரம் ஆறு மணிக்கு மேல் என்று குறித்திருந்தது. ஐந்து மணிக்குக் கடைசி பஸ். சுமித்ரா மணியைப் பார்த்தாள், பஸ் சத்தத்தைக் கேட்டாள், தட்டையும் புடவையையும் அண்ணி ராதிகா கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்து ஏறிவிட்டாள். அன்றைக்கும் ஏழு மணிக்கு விளக்கு வந்தது. மூச்சு வாங்க நின்று மூன்றில் வைத்தாள். அதற்குப் பிறகு தனபால் அவளோடு பேசவில்லை. கூடப்பிறந்தவன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது அவளை அரித்தது. ஆனால் அங்கே ஒருத்தன் புழுதிக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு, ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பானே? அவனை ஏமாற்ற முடியுமா?

மார்கழி பிறந்த இரண்டாம் நாளிலிருந்து பூபதியின் போன் சுவிட்ச் ஆஃப் என்றது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். பெருமாயி வேலியோரம் வந்து நின்றாள்.

“ஆபீசுக்காச்சும் போன் போட்டுக் கேளு புள்ள. வடக்க என்னென்னமோ நடக்குது.”

“ஒண்ணும் ஆவலீங்க்கா. டவர் இருக்காது. அவரு நல்லாத்தான் இருக்கறாரு. தெனமும் லைட்டு வருதுங்களே.”

சொல்லும்போது சுமித்ராவுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது. பேச்சு இல்லாவிட்டால் என்ன, எங்களுக்குள் வேறொன்று இருக்கிறது என்கிற கர்வம்.

பத்தாம் நாள் ஏழு மணிக்கு விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. சுமித்ரா ஐந்தில் வைத்துவிட்டுப் போர்வைக்குள் முடங்கினாள். ஏழே காலுக்குப் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“சுமித்ரா, நாந்தான்.”

“ஏனுங்க. இது ஆரு நம்பருங்க?”

“புது நம்பரு. பழைய போனு போர்க் குழிக்குள்ள உழுந்துருச்சு கண்ணு. குனிஞ்சேன், சட்டைப் பையில இருந்து வழுக்கிட்டுப் போயிருச்சு. முந்நூறடி.”

சுமித்ராவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கிணற்றில் போட்ட கல் என்பார்கள். இது அதற்கும் ஒரு படி கீழே போய்விட்டது.

“எப்பங்க உழுந்துச்சு?”

“ஆச்சு, பத்து நாளு. இன்னைக்குத்தான் டவுனுக்கு வந்து புதுசு வாங்குனேன். உன்ற நம்பரு மனப்பாடமாத் தெரியாது பாரு. தெரிஞ்சிருந்தா கூட இருக்கற பசங்க போன்ல கூப்பிட்டிருப்பேன். இப்பத்தான் புதுப் போன்ல நம்பரெல்லாம் ஏறுச்சு. பயந்துட்டியா?”

“பத்து நாளா உங்க கையில போனே இல்லீங்களா?”

“இல்ல.”

“அப்ப லைட்டு?”

“எந்த லைட்டு?”

“ஏழு மணி லைட்டுங்க. நேத்தும் வந்துச்சு. இன்னைக்கும் இப்பத்தான் வந்துச்சு.”

“ஓ, அதா. அது டைமராச்சே. ஆடியில வந்தப்பவே வெச்சுட்டேன். அது பாட்டுக்கு எரியும், அணையும். போனு இல்லாட்டியும் நிக்காது.” அவன் குரலில் பெருமை இருந்தது. “நீ அத்தனை அழுதியேன்னு தேடிப் புடிச்சு வெச்சேன். ஒரு நாளாச்சும் தவறுச்சா சொல்லு?”

தவறவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை என்று அவள் எண்ணிப் பார்த்தாள். நாலு மாசமாக அந்தப் பக்கம் யாரும் இல்லை.

“இரு, இந்தப் போன்லயும் அந்த ஆப்பை ஏத்திட்டேன்,” என்று பூபதி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனான். “நம்ம ஊடு தெரியுது. ஹால் லைட்டு எரியுது. அட, ஃபேனும் ஓடுதுன்னு காட்டுது. அஞ்சுல வேற. ஏங் கண்ணு, அந்தக் குளுருல எதுக்கு ஃபேனைப் போட்டிருக்கற?”

சுமித்ரா தலைக்கு மேலே பார்த்தாள். அது சுற்றிக்கொண்டிருந்தது. போட்ட ஒப்பந்தத்தை அவன் மறந்தே போயிருந்தான். ஒன்றையும் அவன் பார்த்திருக்கவில்லை. இரண்டையும் பார்க்கவில்லை, நல்ல நாளின் மூன்றையும் பார்க்கவில்லை. அண்ணன் மகளின் தட்டை அடுத்தவள் கையில் கொடுத்துவிட்டு ஓடிவந்து போட்டாளே, அதையும் பார்க்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, தன் மேலேயே இரக்கமாக இருந்தது.

“கை பட்டுருச்சுங்க,” என்றாள். எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள்.

“ஏன் ஒரு மாதிரி பேசற?”

“ஒண்ணுமில்லீங்க. அந்த டைமரை எடுத்துருங்க.”

“ஏன், இருந்துட்டுப் போவுது. உனக்குத் தொணையாட்டம்.”

“வேண்டாங்க. உங்களுக்கு நெனப்பு வந்தாப் போடுங்க. வராட்டி இருட்டாவே கெடக்கட்டும்.”

“சண்டை போடாத கண்ணு.”

“சண்டை இல்லீங்க. எடுத்துருங்க.”

அவன் போனைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “செரி, எடுத்துட்டேன்,” என்றான். சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றாள். சாப்பிடவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு ஹால் இருட்டாகவே இருந்தது. அவள் சமையற்கட்டு விளக்கிலேயே உண்டு, அங்கேயே பாயைப் போட்டுக்கொண்டாள். அதற்கடுத்த நாளும் வரவில்லை. வராது என்று தெரிந்தும் ஆறே முக்காலுக்குக் கண் அந்தப் பக்கம் போயிற்று. மனசு சொன்னபடி கேட்க அதற்கு மட்டும் டைமர் வைக்க முடிகிறதா?

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் வீட்டைப் பூட்டினாள். ஒரு சீப்பு மலைவாழைப்பழமும், கோகிலவாணிக்கு ஒரு பாவாடை சட்டையும் எடுத்துக்கொண்டு தேவனூர் பஸ் ஏறினாள். தனபால் களத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தான். தங்கச்சியைப் பார்த்தும் நிமிரவில்லை.

“கடைசி பஸ்ஸு அஞ்சு மணிக்கு,” என்றான் மிளகைப் பார்த்து.

“தெரியுங்கண்ணா. இன்னைக்குத் தங்கறேன்.”

அவன் கையிலிருந்த பலகை நின்றது. மிளகை இன்னும் இரண்டு தடவை தள்ளிவிட்டான். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, “ராதிகா, புள்ளைக்கு டீத்தண்ணி வெய்யி,” என்று குரல் கொடுத்தான். அவ்வளவுதான். சுமித்ராவுக்கு அழுகை வந்தது. கைப்பிடி மிளகை அள்ளிக் குப்பை பொறுக்குவது போலக் குனிந்துகொண்டாள். அன்றிரவு கோகிலவாணி அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லித் தூங்கவிடவில்லை. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு பக்கத்தில் ஒரு ஆள் மூச்சு விடுகிற சத்தத்தோடு சுமித்ரா தூங்கினாள்.

காலையில் முதல் பஸ்ஸுக்கு அவர்கள் விடவில்லை. சாப்பிட்டுவிட்டு வீடு வந்து சேரும்போது மணி பதினொன்று. பூட்டைத் திறந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஜன்னல் வெயில் தரையில் கிடந்தது. அந்த வெளிச்சத்தில் விளக்கு எரிவதே சரியாகத் தெரியவில்லை. பூட்டும்போது அணைந்துதான் இருந்தது. அவள் அந்த விளக்கைத் தொட்டே மூன்று நாள் ஆகிறது. அப்படியென்றால் போட்டிருக்கிறான். நேற்றுச் சாயங்காலமா, விடியற்காலையா, இப்போது கொஞ்ச நேரத்துக்கு முன்னாலா? எரிந்தது, அணைந்தது, எரிந்தது என்று மூன்றும் செய்தானா? அவன் போட்டபோது இந்த வீட்டில் பார்க்க ஆள் இல்லை. முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது, பதிலுக்கு ஃபேன் சுற்றாமல் அவனுக்கும் அங்கே தன்னைப் போலத்தான் இருந்திருக்குமோ என்று.

அடுத்த நிமிஷமே இன்னொன்றும் தோன்றியது. இந்தச் சுவிட்சில் ஒரு கோளாறு உண்டு. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் சில சமயம் விளக்கு தானாகவே எரிந்துவிடும். ஐப்பசி மழையில் இரண்டு தடவை அப்படி ஆகியிருக்கிறது.

போனை எடுத்தாள். அவன் நம்பரைத் தேடி எடுத்துவிட்டு, கீழே வைத்தாள். கேட்டால் நான்தான் போட்டேன் என்பான். போட்டிருந்தாலும் அதைத்தான் சொல்வான், போடாவிட்டாலும் அதைத்தான் சொல்வான். அவள் அழக்கூடாது என்பதற்காகச் சொல்வான். நிஜம் தெரிய வேண்டுமானால் பெருமாயியைக் கேட்க வேண்டும். பெருமாயி ராத்திரி சீரியல் பார்க்கிறவள். ஒரு நிமிஷம் கரண்ட் போனாலும் மின்சார ஆபீசை ஏழு தலைமுறைக்குத் திட்டி வைத்திருப்பாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு வேலியோரமாகவே நடந்து போனாள். பெருமாயி வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வா சாமி. எங்க நேத்தெல்லாம் ஆளையே காணோம்?”

“அண்ணன் ஊட்டுக்குப் போயிருந்தேங்க்கா.”

“அங்கயே தங்குனியா?” பெருமாயி கத்தியை நிறுத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “நல்லது. போயிட்டு வரோணும். என்ன, எதோ கேக்கோணும்னு வந்தாப்பல நிக்கற?”

சுமித்ரா வாயைத் திறந்தாள். கேள்வி ரொம்பச் சின்னது. நேத்து கரண்ட் போச்சுங்களா? போச்சு, இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வந்துவிடும். அந்த ஒரு சொல் வந்துவிட்டால் பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

“ரெண்டு கெழங்கு குடுங்க்கா,” என்றாள். “மத்தியானத்துக்கு ஒண்ணும் இல்ல.”

பெருமாயி நாலு கிழங்கு கொடுத்தாள். சுமித்ரா வீட்டுக்கு வந்து வேகவைத்தாள். தட்டை ஹாலுக்கு எடுத்துவந்து, உச்சி வெயில் அடிக்கும் நேரத்தில், எரிகிற விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்து தின்றாள். அதை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை.